சந்தனம் பட்ட இரண்டு போன்கள்

வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடக்கும் அறைக்குள் மூன்று பேர் இருந்தோம்: வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், எனக்கு வழிகாட்டிய பேராசிரியர், நான். கதவுக்கு வெளியே பெஞ்சில் அம்மா. நடவு வேலை என்பதால் அப்பா வரவில்லை. கூட வருவதாகச் சொல்லியிருந்த சித்தப்பா, பழுதான தன் போனை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் காலையிலேயே திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எம்.பி.ஏ. புராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு, 'முதலிடத்தில் இருக்கும் செல்போன் கம்பெனி அந்த இடத்தைத் தக்கவைக்குமா?' அதில் தோற்றால் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும். இன்னொரு வருஷம் படிக்க வைக்க வீட்டில் தெம்பு இல்லை.

புராஜெக்ட் அறிக்கையைப் புரட்டிய தேர்வாளர், மூன்றாம் அத்தியாயத்தில் நின்றார்.

"மார்க்கெட்டிங்ல சந்தனம் எங்கய்யா வந்துச்சு?"

சொன்னேன். ஆயுத பூஜையன்று மண்வெட்டி, கொத்துக்கரணை, தையல் மெஷின் வரிசையில் அம்மா வீட்டிலிருந்த இரண்டு போன்களையும் வைத்து, ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். பொட்டு வழிந்து சார்ஜ் ஓட்டைக்குள் இறங்கி, காய்ந்து, சுவர் பூச்சு போல இறுகிவிட்டது. ஒன்று அம்மாவின் போன், முதலிடக் கம்பெனியுடையது. இன்னொன்று சித்தப்பாவுடையது, போட்டிக் கம்பெனியின் புது மாடல். விலையும் குறைவு, கேமராவும் ஒசத்தி என்று கொத்தனார் வேலைக்குப் போகும் இடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

பொன்னமராவதியில் ரிப்பேர் கடைக்காரர் அம்மாவின் போனைத் திறந்தார். சுவரில் தொங்கிய பாக்கெட் ஒன்றைக் கிழித்து, ஒரு சார்ஜிங் போர்டை எடுத்து மாட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சித்தப்பாவின் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இங்கிட்டுச் சாமான் கெடையாதுங்க. திருச்சிக்குத்தான் போகணும்" என்றார்.

அதன் பிறகு நான் நூலகம் பக்கம் போகவில்லை. பொன்னமராவதியிலும் புதுக்கோட்டையிலும் கடை கடையாக ஏறி, சுவரில் யாருடைய பாகங்கள் தொங்குகின்றன என்று எண்ணினேன். எல்லாச் சுவரிலும் ஒரே கம்பெனிதான் நிறைந்திருந்தது.

"கதை நல்லாருக்கு. நெசமான்னு எப்படித் தெரியும்? உங்க சித்தப்பா நம்பரைச் சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

சொன்னேன். அவரே ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல். பேராசிரியர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு போன் அலறியது. எடுத்த அம்மாவின் குரல் கதவைத் தாண்டி உள்ளே வந்தது.

"ஆமா மதினி, வாசல்லதான் ஒக்காந்திருக்கேன். ஒங்க மருமகனை உள்ள வச்சுக் குடையுறாக. குடையட்டும், அவன் அசர மாட்டான்."

"யாரு அது?" என்றார் தேர்வாளர்.

"எங்க அம்மா சார். பேசுறது அந்தப் போன்லதான் சார்."

தேர்வாளர் சத்தமாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, தலைப்புக்கு வருவோம். தக்கவைக்குமா?" என்றார்.

"வைக்கும் சார். விளம்பரத்தாலயோ கேமராவாலயோ இல்ல, எங்க ஊருக் கடைச் சுவத்தால. ஆனா அதே கம்பெனி இப்பப் புது மாடலுக்குப் பின்மூடியைப் பசை போட்டு ஒட்டுது. கடைக்காரரால தொறக்க முடியாமப் போற அன்னைக்கு அந்த எடமும் போயிரும்."

அவர் பேனாவை எடுத்து மதிப்பெண்ணை எழுதினார். மதியம் வெளியே ஒட்டிய பட்டியலில் என் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் என் பெயருக்கு நேராக இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பெஞ்சிலிருந்தே ஊர் முழுக்கப் போன் போட்டார். பேட்டரி தீரும்வரை போட்டார்.

சித்தப்பா மாலையில் உயிர் வந்த போனோடு திரும்பினார். "என் போனாலதான்டா நீ பாஸானே" என்று அவருக்கும் பெருமைதான். அம்மாவின் போனுக்கு ஆனது முந்நூறு. அவருடையதற்குப் பாகம், மூன்று தடவை பஸ், வேலைக்குப் போகாத மூன்று நாள் கூலி என்று ஐயாயிரத்து இருநூறு. ஆக, அந்தச் சந்தனப் பொட்டு எங்கள் வீட்டுக்கு வைத்த செலவு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.