காதரின் வயதுக் கணக்கு

எங்கள் மதுரைப் பள்ளியில், விடுப்பு முடிந்து வருகிறவனுக்குச் சட்டாம்பிள்ளை ஒரு கணக்குக் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் நான்தான் சட்டாம்பிள்ளை. பத்து நாள் கழித்து வந்த காதரிடம் ஏன் வரவில்லை என்றுகூட நான் கேட்கவில்லை.

“உனக்குப் பதினாலு வயசு, உங்க அத்தாவுக்கு நாப்பத்திரெண்டு. எத்தனை வருசத்துல அவரு வயசு உன் வயசுக்கு ரெண்டு மடங்காகும்?”

காதர் கரும்பலகையில் வருஷத்தை x என்று வைத்துக்கொண்டான். 42 + x = 2(14 + x). ஒரு படியும் விடாமல் எழுதி, x = 14 என்று முடித்தான்.

“அப்ப எனக்கு இருபத்தெட்டு, அத்தாவுக்கு அம்பத்தாறு. சரிதானே மாப்ள?” என்றான். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “அத்தா போன வாரம் மௌத்தாப் போயிட்டாரு” என்றான். 

அப்பா இறந்துபோனதைச் சொன்னவனுக்கு, விடைக்குப் பக்கத்தில் சரி போட்டுவிட்டு, “போய் உக்காரு” என்றேன்.

போன மாதம் எனக்கும் காதருக்கும் இருபத்தெட்டு வயதாகிவிட்டது. அவனுடைய அத்தாவுக்கு இன்னும் நாற்பத்திரண்டுதான்.