பதினொன்றே கிலோமீட்டர்

காரை விற்றவர் லிட்டருக்குப் பதினெட்டு ஓடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். என் கையில் அது பதினொன்றைத் தாண்டவில்லை. முதல் முறை கணக்குப் போட்டதும், நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். விற்றவரைத் திட்டினேன். பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். டயர்களுக்குக் காற்று அடித்து, வண்டி பந்து போல் குதித்ததுதான் மிச்சம். பதினொன்று, பதினொன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் என் துப்பறியும் மூளை மச்சினன் பக்கம் திரும்பியது. மனைவியின் தம்பி. சின்னக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்க மாட்டாள் என்று, செக்கப்புக்குப் போடிக்கு என் காரில்தான் கூட்டிப் போவான். கார் வந்த மாதத்திலிருந்தே அப்படித்தான்.

"உன் தம்பி குழாயப் போட்டுப் பெட்ரோல உறிஞ்சுறான்" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க. அவன் காதுல விழுந்தா அந்தப் பிள்ள இனி பஸ்லதான் போகும்."

"நிரூபிச்சுக் காட்டுறேன். உண்மைன்னா இனி சாவி கிடையாது."

அடுத்த செக்கப்புக்கு முன் டேங்க்கை வழிய வழிய நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டேன். அவர்கள் போய்த் திரும்பியதும், முகத்தில் நீதிபதிக் களையோடு அதே பங்க்குக்குப் போய் மறுபடி நிரப்பச் சொன்னேன். ஓடியிருந்தது எண்பத்தெட்டு கிலோமீட்டர். எட்டு லிட்டராவது இறங்கும் என்று நின்றேன். ஐந்து லிட்டர் ஆகும் முன்பே டேங்க் நிறைந்துவிட்டது.

பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே கார், அதே மலை, அதே பெட்ரோல். அவன் ஓட்டினால் பதினெட்டு. அப்படியென்றால் திருடன் யார்?

மறுநாள் மச்சினனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சூரியநெல்லி ஏற்றத்தில் நானே ஓட்டினேன். நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி வரை கூடப் போகவில்லை. அவன் மூக்கைச் சுளித்தான்.

"அத்தான், இது என்ன வாசம்?"

"ஃபேக்டரி வாசம் மாப்ள. நான் டிரையர்ல நிக்கிறவன்ல, சட்டையில எப்பவும் இருக்கும்."

"சட்டையில இல்ல அத்தான், கிளட்ச்ல. இடது கால எங்க வச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். தலையணையில் சாய்ந்த மாதிரி என் பாதம் கிளட்ச்சின் மேல் சுகமாகக் கிடந்தது. எஸ்டேட் சரிவில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த ஜீப் டிரைவர், "கிளட்ச்ல இருந்து கால எடுத்தே, வண்டி பள்ளத்துக்குப் போயிரும்" என்று முதல் நாள் மிரட்டியிருந்தார். எடுக்கலாம் என்று அவர் பிறகு சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை மாதமாகக் கிளட்ச்சைக் கருக்கிக்கொண்டே வந்து, அந்த நாற்றத்தைத் தேயிலை மணம் என்று ரசித்து முகர்ந்திருக்கிறேன்.

"நாலாவது கியராவது போடுவீங்களா?"

"அது சமவெளிக்காரங்களுக்குன்னு நெனச்சேன்."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பும்போது அவனே ஓட்டினான். நான் அவனைத் திருடன் என்றது அவனுக்குத் தெரியாது. வீட்டில் நானே சொன்னேன். சிரிப்பு நின்றது. அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். அந்தப் பிள்ளை இனி பஸ்ஸில்தான் என்று பயந்தே போனேன். மனைவிதான் சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

"செக்கப்புக்கு மட்டும் இல்ல. இனி இந்த வண்டி எங்க போனாலும் நீதான் ஓட்டுற. இவரு பக்கத்துல உக்காருவாரு."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சாவியைத் திருப்பித் தரவும் இல்லை.

அடுத்த செக்கப்புக்கு நானும் போனேன். போடிமெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் என் இடது கால் தரையை மிதித்து மிதித்து அமுக்கியது.

பின் சீட்டிலிருந்து அவன் மனைவி, "அண்ணே, மெதுவா. தரை ஓட்டையாயிரப் போகுது" என்றாள்.

அதற்குத்தான் அவன் மறுபடி சிரித்தான்.