மேளத்துக்குப் பின்னால் ஒரு பந்தயம்

சினேகிதன் கல்யாணம் என்றால் மொய் வைத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே வீடு திரும்புகிறவன் நான். போன தை மாதம் அப்படி முடியவில்லை. எல்லாம் என்னிடம் இருக்கும் சிவப்பு காரால் வந்த வினை. தன் தேசத்துக்குத் திரும்பிப் போன பிரெஞ்சுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பந்தயக் கார் அது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். புதுச்சேரி கடைத்தெருவில் அதைப் பார்த்த என் சினேகிதன் அரியூர் கோவிந்தன், "எனக்கு மாப்ள அழைப்பு இதுலதான்டா. இல்லன்னா நான் தாலியே கட்ட மாட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தான். பெண் வீடு செலியமேட்டில். வந்து தொலைகிறேன் என்றேன்.

இந்தப் பக்கம் கார் எடுத்துப் போக நினைக்கிறவர்களுக்காக வழியையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் பத்து கிலோமீட்டர், நல்ல ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். அங்கிருந்து தெற்கே பாகூர் போகும் ரோடு பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பாகூருக்குச் சற்று முன்னால் திரும்பினால் செலியமேடு. இரண்டு பக்கமும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி என்றாலும் நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்று குறுக்கே வரும். அங்கே கிலோமீட்டர் கல் போய் மைல் கல் வந்துவிடும். சுங்கக்காரர்கள் நிறுத்திச் சோதனை போடுவார்கள். பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பிறகு எங்கும் கிடைக்காது.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி வில்லியனூர் வந்து சேர்ந்தேன். கோயில் தெருவில் ஒரு காப்பிக் கடை. அங்கே காப்பி நன்றாக இருக்கும், பஜ்ஜி வேண்டாம். பாதிக் காப்பி குடித்திருப்பேன், ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து என் காரை உரசுகிற மாதிரி நின்றது. அதுவும் திறந்த கார்தான். ஆனால் ஆறு பேர் உட்காரலாம், எட்டுப் பேர் தொங்கலாம். அதிலிருந்து வெள்ளைக் கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒருவர் இறங்கினார்.

"இன்னா முசே, செலியமேட்டு மாப்ளைக்கா வண்டி?" என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. கோட்டு போட்ட புதுச்சேரிக்காரன் எவனாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் முசேதான்.

"ஆமாம், அதுக்கென்ன?"

"எம் பேரு அந்தோணி. இந்தச் சுத்துப்பட்டுல மாப்ள அழைப்புன்னா என் வண்டிதான். இந்தக் கல்யாணத்துக்கும் பொண்ணு வூட்ல என்னத்தான் பேசி வெச்சிருந்தாங்க. முந்தாநேத்து வந்து, செவப்பு காரு வருது, நீ வேணாம்னுட்டாங்க. இன்னிக்கு ஒருத்தன் உன் வண்டில ஏறிட்டான்னா, நாளைக்கு எவன் என் வண்டில ஏறுவான்? எல்லாவனும் செவப்புதான் கேப்பான்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குள் மனுஷன் தொடையைத் தட்டிவிட்டார்.

"வா, செலியமேடு வரைக்கும் வுட்டுப் பாத்துருவோம். நீ முந்தினா மாப்ள உனக்கு. நான் முந்தினா, வந்த வழியே திரும்பிப் போயிரு."

"எனக்கு வேறு வேலை இல்லையா?" என்று காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வில்லியனூரைத் தாண்டி ஆற்றில் இறங்கி ஏறினேன். தண்ணீர் கணுக்காலளவுதான். மணலில் சக்கரம் புதையாமல் இருக்கப் பனை ஓலை பரப்பியிருந்தார்கள். கரை ஏறி மூச்சு விடுவதற்குள் பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தோணி! பக்கவாட்டில் வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு முன்னால் போனார். அவர் கிளப்பிய புழுதி முழுவதும் என் வாயில். நானும் உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன்தானே? அழுத்தினேன். தாண்டினேன். ஐயா விடவில்லை, ஒட்டிக்கொண்டே வந்தார்.

இங்கிலீஷ் எல்லைச் சாவடியில் இரண்டு பேருமே நிற்க வேண்டியதாயிற்று. சுங்கக்காரர் என் சீட்டுக்கு அடியில் சாராய பாட்டில் தேடினார். பிறகு அந்தோணியின் காரில் தேடினார். அதுவரை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் மரியாதையாக நின்றிருந்தோம். அந்தோணி என்னிடம் நெருப்புப் பெட்டிகூடக் கேட்டு வாங்கிச் சுருட்டு பற்றவைத்தார். சாவடியின் குறுக்குத் தடியைத் தூக்கினார்களோ இல்லையோ, மறுபடி ஆரம்பித்துவிட்டது. இந்த நாட்டில்தான் பந்தயம் ஓட்டுகிறவன் நடுவில் இறங்கி மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

தை மாதத்தில் இந்த ரோடுகளில் வேகமாகப் போகவே கூடாது என்பதை அடுத்த வளைவில் தெரிந்துகொண்டேன். அறுவடை முடிந்து ரோட்டின் மேலேயே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு அம்மாள் நின்று நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்தேன். வைக்கோலில் சக்கரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், அவள் முறத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அந்தோணியின் கார் என்னை இடிக்காமல் ஒடித்துத் திரும்பி வயலுக்குள் பாதி இறங்கிவிட்டது.

"அட பாவிங்களா! கண்ணு இன்னா பொடனிலயா கீது? எங்கடா ஓடுறீங்க ரெண்டு பேரும், இன்னா பத்திக்கினு எரியுது?" என்று முறத்தை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"மாப்ள அழைப்புக்கு, அம்மா" என்று அந்தோணி முனகினார்.

"மாப்ள அழைப்புக்கா? எழவு வுழுந்துருக்கும்டா இப்ப!"

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. இதை இத்தோடு முடிக்காவிட்டால் செலியமேடு போவதற்குள் யாரையாவது கொன்றுவிடுவோம். வேண்டாம் என்று சொன்னால் இந்த மனுஷன் கேட்கப் போவதில்லை. வயலிலிருந்து அவர் காரைத் தள்ளி ஏற்றிவிட்டுச் சொன்னேன்.

"அந்தோணி, பந்தயம்தானே வேணும்? வெச்சுக்கலாம். ஆனா இங்கே இல்லை, செலியமேட்டுத் தெருவிலே. கோவிந்தன் முதல்லே என் கார்லே ஏறட்டும். மேளத்துக்குப் பின்னாலே, மேளக்காரர் நடக்கிற வேகத்திலேயே, பெண் வீடு வரைக்கும் நான் கொண்டுபோறேன். நடுவிலே என் வண்டி நின்னாலும் மேளத்தை இடிச்சாலும் மாப்பிள்ளை உங்களுக்கு."

அந்தோணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமாவா சொல்ற?"

"சத்தியமா."

"கொண்டுபோய்ச் சேத்துட்டியானா இந்தத் தொழிலையே வுட்டுர்றேன் முசே" என்றார். எனக்கோ ஜெயித்துவிடுவோம் என்றுதான் நினைப்பு. தெருக்கோடி வரைக்கும் மெதுவாக ஓட்டுவது ஒரு வித்தையா என்ன?

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. காஸ் விளக்குகள், நாயனம், இரண்டு தவில். கோவிந்தன் பட்டு வேட்டியும் மாலையுமாக என் காரில் பாய்ந்து ஏறினான். உடனே முதல் சிக்கல். மாப்பிள்ளையோடு பெண்ணின் தம்பி உட்கார வேண்டும், அதுதான் முறை. தம்பி என்றால் பொடியன் இல்லை, மூட்டை தூக்குகிற ஆள். இரண்டு சீட்டில் எங்கே உட்காருவான்? பின்பக்கத் தகட்டின் மேல் ஏறி, எங்கள் இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கார் பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் அந்தோணி காலிக் காரோடு வந்தார்.

நாயனக்காரர் நாலு அடி நடப்பார், நிற்பார், ராகத்தை இழுப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தேங்காய், ஆரத்தி. பந்தயக் கார் பாய்வதற்குப் பிறந்தது. கிளட்சை விட்டால் குதிக்கிறது, பிடித்தால் முக்குகிறது. வீட்டுக்கு ஒரு தரம் என் கால் மரத்துப் போனது. பாதித் தெருவில் ரேடியேட்டர் உஸ்ஸென்று சீற ஆரம்பித்தது. ஆவி கிளம்பி மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது, சந்தனம் வழிந்தது. "டேய், நான் வெந்துருவேன்டா!" என்று கோவிந்தன் அலறினான். பெருமாள் கோயில் மூலையில் ஒரு குதி குதித்து, தவில்காரரின் வேட்டி நுனியை முகர்ந்துவிட்டு, கார் அணைந்தது. ஊரே கொல்லென்று சிரித்தது.

கோவிந்தன் இறங்கப் போனான். "கால தரையில வெக்காத! ஆகாது, ஆகாது!" என்று பெண் வீட்டார் பதறினார்கள். அந்தோணி யாரும் சொல்லாமலே தன் காரைக் கொண்டுவந்து, ஒரு விரல் இடைவெளி வைத்துப் பக்கத்தில் நிறுத்தினார். கோவிந்தன் என் சீட்டின் மேல் ஏறி நின்று அப்படியே அவர் காருக்குள் தாண்டினான். பெண்ணின் தம்பியும் தாண்டினான். எங்கிருந்தோ ஐந்தாறு பேர் ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டார்கள். அந்தக் கறுப்புக் கார் ஒரு குலுக்கல் இல்லாமல் மேளத்தின் பின்னாலேயே நகர்ந்து போனது. எனக்கு அவமானம் ஒரு பக்கம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிம்மதி ஒரு பக்கம்.

விருந்து நடந்தபோது என் கார் ஆறுவதற்காகக் காத்திருந்தேன். அந்தோணி எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார். காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு வாலிபன் நேராக என்னிடம் வந்தான்.

"முசே, மாசில எனக்குக் கல்யாணம். செவப்புக் காரு வேணும். நின்னு போனாலும் பரவால்ல, தள்ளிக்கினு போறோம்."

அந்தோணியின் கை அப்படியே நின்றது. அவர் நிமிரவில்லை. பகலெல்லாம் அவர் பயந்தது இதுதான், கண்ணெதிரே வந்து நிற்கிறது.

"மாப்பிள்ளையை ஏத்தறதுக்கு இனிமே என் கார் வராது தம்பி, யார் கேட்டாலும் வராது" என்றேன். "மாசிக்கு முகூர்த்தம் நிறைய. இப்பவே இவர்கிட்டே பேசி வெச்சுடு. அப்புறம் கிடைக்க மாட்டார்."

அவன் அந்தோணியிடம் திரும்பித் தேதி சொன்னான். அந்தோணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெதுவாக, "பாத்துதான் சொல்லணும்" என்று பிகு பண்ணினார் பாருங்கள், அந்த மீசைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அறுவடைக் காலத்தில் வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே போங்கள், வைக்கோலைக் கண்டால் ஊர்ந்து போங்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். யாராவது பந்தயத்துக்கு வந்தால் கோபப்படுவதற்கு முன்னால் எதற்காக என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் இல்லாமல் நல்ல டிரைவர் யாரும் சொந்த வண்டியைப் பணயம் வைப்பதில்லை.

மறுநாள் விடிந்ததும் அந்தோணி வந்துவிட்டார். "முசே, பாகூர் ஏரியண்ட நேர் ரோடு கீது. வைக்கோல் இல்ல, ஆளு இல்ல. ஒரே ஒரு வாட்டி வுட்டுப் பாக்கலாமா?"

"அதுதான் ஜெயிச்சாச்சே!"

"அது பொழப்புக்கு முசே."

பந்தயமெல்லாம் கிடையாது என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். ஏரிப் பக்கம் வந்ததும் அழுத்தினார். காற்று முகத்தில் அறைந்தது, கொக்குகள் கூட்டமாக எழும்பின. நான் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ரோட்டுக் கோடியில் நிறுத்தியபோது அவர் கண்ணில் தண்ணீர். காற்றினாலா என்று நான் கேட்கவில்லை.

"வண்டி ஓட்ட ஆரம்பிச்சதுலருந்து எனக்கு முன்னால எப்பவும் மேளக்காரன் முதுகுதான் முசே" என்றார். "முன்னால ஒண்ணுமே இல்லாத ரோட்ட இன்னிக்குதான் பாக்கறேன்."

"திருப்புங்க, இன்னொரு தரம் போவோம்" என்றேன்.