சட்டைப் பைக்குள் ஒன்பது மணி நேரம்

விமானத்தின் வேகத்தைப் பற்றி என்னிடம் யாரும் பெருமை பேச வேண்டாம். எரிச்சல்தான் வரும். நல்லகாமன் சாகிறவரை, தலைக்கு மேல் விமானம் போனால் காறித் துப்புவான். கிறுக்கன் என்று ஊர் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்.

சண்டை நடந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். மதுரைக்குத் தெற்கே விமானத் தளம் போட்டார்கள். நல்லகாமனின் கடலைக்காடு ஓடுபாதைக்குள் போய்விட்டது. பறிபோன நிலத்திலேயே ஜல்லி சுமக்க வந்தான் மனுஷன். கூடவே பங்காளிகள் நாங்கள் இருபது பேர். அவன் சொன்னால்தான் சட்டியைத் தூக்குவோம்.

அவன் தங்கை தங்கப்பொண்ணைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் புருஷன் மொக்கையனுக்கும் அங்குள்ள விமானத் தளத்தில்தான் கூலி வேலை. "திருச்சி எழுபத்தஞ்சு மைலுடா. பிளேன் அரை மணியில போயிரும்" என்று எங்கள் ஓவர்சியர், ஏதோ தானே ஓட்டுவதுபோல அளப்பான். அவன் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வாய் கூசுகிறது.

சித்திரையில் ஒருநாள், சாயங்காலம் ஐந்தரை மணி. வேலை முடிந்து சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஓவர்சியர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வாசித்தான். தங்கப்பொண்ணு விடியற்காலையில் பேதியில் செத்துப்போய்விட்டாள். அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் இரக்கப்பட்டு, சீட்டெழுதி விமானத்தில் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"எப்பய்யா வந்துச்சு?" என்றான் நல்லகாமன்.

"காலையில எட்டரைக்கு. அப்பவே சொன்னா இருபது பேரும் எழவுக்குக் கிளம்பிருவீங்க. போட்ட கலவை காஞ்சு போயிருமேப்பா!"

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் எங்கள் பெண்களின் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். மத்தியான ரயிலைப் பிடித்திருந்தால் நல்லகாமன் போய்ச் சேர்ந்திருப்பான். துணிக்குத் தட்டுப்பாடான காலம் வேறு. கடை கடையாக அலைந்து ஒரு சேலையை வாங்கிக்கொண்டு, கிடைத்த ரயிலில் ஏறி, விடிந்துதான் போய்ச் சேர்ந்தான். சித்திரை வெயிலில் பிணம் தாங்காது என்று முந்தின நாள் பொழுது சாயும்போதே எரித்துவிட்டார்கள்.

மொக்கையன் வாசலிலேயே மறித்தான். "அரை மணியில சேதி வந்துருக்கு, ஒனக்கு வர ஒரு நாளா மச்சான்? கோடியில்லாமப் போனா என் பொண்டாட்டி. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத!"

நல்லகாமன் சேலையோடு திரும்பினான். மறுநாள் காலையில் ஓவர்சியரின் மேஜைமேல் அதை விரித்துப் போட்டான்.

"பிளேனு அரை மணியில கொண்டாந்துச்சு. ஒங்க பையிலருந்து என் காதுக்கு வர ஒம்பது மணி நேரம். இந்தக் கோடி ஒங்க வீட்டுக்கே இருக்கட்டுங்கய்யா."

ஓவர்சியரின் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எடுடா அத! யாராச்சும் எடுங்கடா!"

நல்லகாமன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தான். நாங்கள் இருபது பேரும் அவன் பின்னால் நடந்தோம். அன்றைக்குக் கலவை காய்ந்தது. பிணத்துக்கு எடுத்த சேலையைத் தொட அந்தப் பொட்டலில் ஒரு ஆள் கிடைக்கவில்லை.