பார்த்தது ஒரே ஆள்

இயக்குநர் எடுத்தது ஒரே படம். அதைப் பார்த்ததும் ஒரே ஆள், தணிக்கை அதிகாரி. பார்த்த கையோடு தடை போட்டார். பிரதியைக் கொளுத்தினார்கள், இயக்குநரை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். மொத்த வசூல் அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷமாக, வந்த நாட்டில், ஒரு வணிக வளாகத்தின் கண்காணிப்புக் கேமரா அறையில் உத்தியோகம். எதிரே பதினாறு திரைகள்.

“ஒரு படம் எடுத்ததுக்கு விரட்டியடிச்சாங்க. இப்ப ஒரே நேரத்துல பதினாறு ஓட்டுறீங்க, ஏன்னு கேக்க நாதியில்ல” என்பார் மனைவி.

இந்த வருஷம் குடியேற்ற அலுவலகம் கேட்டுவிட்டது. தடைசெய்யப்பட்ட இயக்குநர் என்றுதானே இங்கே தங்கியிருக்கிறீர்? படத்தைப் பார்த்த ஒருவரிடம் கடிதம் வாங்கி வாரும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பெட்டியைக் கட்டும்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தால், ஒன்பதாம் திரையில், வாகன நிறுத்துமிடத்தில், அதே அதிகாரி சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறார்! சொந்த நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்குத் தடை போட்டவரையும் பிடிக்கவில்லை, தடைபட்டவரையும் பிடிக்கவில்லை.

இயக்குநர் அவசரமாகக் கடிதம் எழுதிக்கொண்டு ஓடினார்.

“அண்ணே, படத்தைப் பார்த்தேன்னு ஒரு கையெழுத்து.”

“தம்பி, தடை போட்டவன்னு தெரிஞ்சா என்னையும்ல ஏத்தி அனுப்பிடுவான்?”

“டிக்கெட் வாங்கிப் பார்த்ததா போடுங்க.”

“தியேட்டர்ல ஓடின படத்துக்கு ஏதுய்யா தடைம்பான். உங்க கதையில எப்பவுமே இதான் கோளாறு. லாஜிக் இடிக்கும்.”

படத்துக்கு வந்த முதல் விமர்சனம். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரிக்கே பாவமாகிவிட்டது. “கொடுங்க, வம்பில்லாம திருத்தித் தர்றேன்.”

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. பழகின கை அல்லவா? ‘அதிகாரி’ போயிற்று. ‘தடை’ போயிற்று. ‘கொளுத்தினார்கள்’ மேல் இரட்டைக் கோடு. வண்டிகள் ஹாரன் அடித்தன, அவர் நிமிரவில்லை. மிஞ்சியது ‘ஐயா, வணக்கம்’, கீழே தேதி.

“இப்ப பிரச்சினையே இல்ல” என்று திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் அதையே குடியேற்ற அலுவலகத்தில் நீட்டினார். “இதைவிட என்ன சார் ஆதாரம்? இப்படித்தான் வெட்டினாங்க.”

அலுவலர் புரட்டிப் பார்த்தார். “அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதுங்க.”

வீட்டில் மனைவி சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அந்த மனுஷன் கையெழுத்தாவது போட்டாரா?”

“போட்டார்.”

“அப்ப படத்துக்கு இது தேவல. இதையாவது பாஸ் பண்ணிட்டாரு.”