புள்ளிக்குப் புள்ளி சேர்த்த ஈத்து

மெர்கோங் ஊரிலிருந்து ஓர் அக்கா போன் செய்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் எனக்கு நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. அன்று ஓய்வின் முதல் நாள். ஏழு மாதங்களுக்கு முன்னால் என்னிடமிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியை வாங்கிப் போனவர் அவர். அவ்வப்போது குட்டியின் படங்களை அனுப்புவார். அப்படி ஏதாவது சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. இந்த நாயை எங்களால ஜாகா பண்ண, பார்த்துக்க முடியல லா. நேத்து என் கையைக் கடிச்சிட்டான்."

"விளையாட்டுக்குக் கடிச்சானா அக்கா?"

"இல்ல லா. தூங்கிக்கிட்டு இருந்தான். தலையைத் தடவிக் கொடுத்தேன். படக்குன்னு திரும்பிக் கடிச்சிட்டான். ரெண்டு தையல். வெளிய கூட்டிட்டுப் போனா மோட்டோ பைக்கைப் பார்த்தாலே பாயுறான். நீங்க எடுத்துக்கலன்னா ஊசி போட்டு முடிச்சிடலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு."

"இன்னைக்கே வரேன் அக்கா. அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க."

மீதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் நாய் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்கிறோம், வேறு வேறு ஷிப்ட். ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் இருக்க மாட்டார். துணைக்கு ஒரு நாய் வளர்க்கலாம் என்று டாக்ஸ்ஹண்ட் பெட்டை ஒன்றை வாங்கினோம். குட்டைக் கால், நீண்ட உடம்பு. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் சொசேஜ் நாய் என்பார்கள். எங்களுடையது சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுகள் தெளித்த புள்ளி நாய். நடக்கப் போனால் காரில் போகிறவர்கள் காடியை நிறுத்திக் கேட்பார்கள், எங்கே வாங்கினீர்கள், குட்டி கிடைக்குமா என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சுங்கை பட்டாணியில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் அதே மாதிரிப் புள்ளி போட்ட ஆண் நாய் இருந்தது. நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். அவர்தான் முதலில் பேச்செடுத்தார்.

"ரெண்டையும் சேர்த்தா வெள்ளை அதிகமா வரும் தங்கச்சி. அதுதான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க."

நான் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. என் வேலையே நுண்ணோக்கியில் கணினிச் சில்லுகளைப் பார்த்துக் குறை இருப்பதை ஒதுக்குவதுதான். சந்தேகம் வந்தால் மூன்று பேரைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் நாய் விஷயத்தில் ஒரு கடைக்கார அண்ணன் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஐந்து குட்டிகள் பிறந்தன. இரண்டு தாயைப் போலப் புள்ளி, ஒன்று கறுப்பும் பழுப்பும், இரண்டு ஏறக்குறைய முழு வெள்ளை. வெள்ளைக் குட்டிகளில் ஒன்றுக்குக் கண்கள் மிகச் சிறியவை. இமை திறக்க வேண்டிய நாளிலும் சரியாகத் திறக்கவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் அது இறந்துபோனது. அண்ணனிடம் சொன்னேன். "வீக்கான குட்டி லா. எல்லா ஈத்துலயும் ஒண்ணு அப்படிப் போகும்" என்றார். அதையும் நம்பினேன்.

இன்னொரு வெள்ளைக் குட்டி கொழுகொழுவென்று இருந்தான். ஒரு கண் நீலம், மறு கண் பழுப்பு. சாப்பாட்டு டின்னைத் தட்டினால் மற்ற மூன்றும் உருண்டு புரண்டு ஓடிவரும். அவன் மட்டும் படுத்தே கிடப்பான். மற்றவை ஓடுவதைக் கண்டால் கடைசியாக எழுந்து வருவான். தூங்கிக்கொண்டிருந்தால் வரவே மாட்டான். நான் அதைக் கவனித்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள் கவனித்தேன். "தூங்குமூஞ்சி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன். மெர்கோங் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து பார்த்தபோது அவனைத்தான் கேட்டார்கள். நானும் கொடுத்தேன்.

இதெல்லாம் அன்று நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. குருண் தாண்டி வயல்வெளி தொடங்கும் இடத்தில், அந்தக் குட்டிக்கு என்ன குறை என்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அக்கா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். வலது கையில் கட்டு. பின்பக்கம் சமையலறையை ஒட்டிய இடத்தில் அவனைக் கட்டிவைத்திருந்தார்கள். நன்றாக வளர்ந்திருந்தான். வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.

"பாருங்க" என்று அக்கா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. கடைசி முறை கத்தியே கூப்பிட்டார். ஒரு காதுகூட அசையவில்லை. அவருடைய வீட்டுக்காரர் இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்தார். அவர் நிழல் தரையில் விழுந்ததும் அவன் துள்ளி எழுந்து, பல்லைக் காட்டிக் குரைத்துக்கொண்டு சங்கிலியின் எல்லை வரை பாய்ந்தான்.

"இதான். கூப்பிட்டா திமிரு. கிட்டப் போனா கடி" என்றார் அவர்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேப்பரைச் சுருட்டி அடிச்சுக்கூடப் பார்த்தேன். சொல்பேச்சு கேக்கவே மாட்டேங்கிறான்."

அவனுக்குக் காது கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு முன்னால் சொல்லத் தைரியம் இல்லை. அவன் முகத்துக்கு நேரே தூரத்தில் உட்கார்ந்து, அக்கா சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்த வேகவைத்த கோழித் துண்டுகளைத் தரையில் உருட்டிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் பக்கத்தில் வந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. கொண்டுபோயிருந்த கூண்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சாலையில் ஒரு லாரி எங்கள் காடிக்குப் பக்கத்திலேயே ஹாரன் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, திரும்பிப் பார்த்தேன். அவன் கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். என் வயதுள்ள தமிழ்ப் பெண். அவன் தட்டில் சாப்பிடும்போது பின்னால் நின்று கை தட்டினார், விசில் ஊதினார். பிறகு தரையைக் காலால் மெல்லத் தட்டினார். அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு காதும் கேக்கல. அதிர்வு மட்டும் தெரியுது. அப்பா அம்மா ரெண்டும் புள்ளியா?"

"ஆமா டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தார். "கூடப் பொறந்தது?"

கண் திறக்காமல் இறந்துபோன குட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் புள்ளி ஒரு பக்கத்துல இருந்து வந்தா அழகு. ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேர்ந்தா, குட்டிக்கு நிறமே இல்லாமப் போயிடும். தோலுக்கு நிறம் கொடுக்குற அதே செல்லு காதுக்குள்ளயும் வேணும். அது இல்லன்னா காது வேலை செய்யாது. கண்ணும் சரியா வளராது. புள்ளி நாயைப் புள்ளி இல்லாத நாயோட சேர்த்திருந்தா இந்தக் குட்டி இப்படிப் பொறந்திருக்காது."

"எனக்குத் தெரியாது டாக்டர்."

"தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் சேர்த்திருக்கலாமே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு அவன் தாடையைச் சொறிந்துகொண்டே, "இவன் கோபக்காரன் இல்ல, பயந்தவன். தூங்குறப்ப யாராவது திடீர்னு தொட்டா நீங்களும்தான் கையை வீசுவீங்க. மோட்டோ வருதுன்னு மத்த நாய்க்குத் தூரத்துலேயே காது சொல்லிடும். இவனுக்கு அது ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து குதிச்சு வருது" என்றார்.

தாய் நாய்க்குக் கருத்தடை செய்ய அங்கேயே நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

"காது கேக்காத பிள்ளையைப் போட்டு அடிச்சிருக்கேனே."

"உங்க தப்பு இல்ல அக்கா. என் தப்பு. சின்னதா இருக்குறப்பவே டின் சத்தத்துக்கு அவன் எழுந்து வர மாட்டான். நான் பார்த்தேன். உங்ககிட்ட சொல்லல."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"செவிடுன்னு தெரியாது. என்னமோ சரியில்லன்னு தெரியும்."

"அதையாவது சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் கொடுத்த பணத்தைத் திருப்பி அனுப்பினேன். பல வாரங்கள் கழித்து, அவன் வெயிலில் மல்லாந்து படுத்திருக்கும் வீடியோ ஒன்றை அனுப்பினேன். "நல்லா பார்த்துக்கோங்க" என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு நானும் தொந்தரவு செய்யவில்லை.

அவனை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவனோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டோம். தூங்கும்போது தொடக்கூடாது. மூக்குக்கு முன்னால் கையை வைத்தால் மணம் பிடித்துத் தானே கண் திறப்பான். அறைக்குள் நுழையும் முன் தரையைக் காலால் தட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் "நல்ல பிள்ளை", உள்ளங்கையைக் கீழே இறக்கினால் "உட்கார்". அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அது எங்களுக்குத்தான், அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வெளியே கூட்டிப் போவதுதான் கஷ்டம். முதல் வாரத்தில், திருப்பத்தில் சாப்பாடு கொண்டுவரும் பையனின் மோட்டோ சட்டென்று வந்தது. நம்மவன் எம்பிக் குதித்தான், நான் கயிற்றை இழுத்தேன், வெறியில் திரும்பி என் கணுக்காலைக் கடித்தான். வலியைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. எதிர்வீட்டில் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். மருத்துவரிடம் சொன்னபோது, "ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க" என்றார். அதன்பிறகு தாமானின் மூலையில் உள்ள திடலுக்குக் காடியில் கொண்டுபோய், சாலை தூரத்தில் தெரியும் இடத்தில் உட்கார ஆரம்பித்தேன். மோட்டோ ஒன்று போகும். அவன் பார்ப்பான். பார்த்ததும் குரைக்கும் முன் கோழித் துண்டு. அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து நான்கு அடி முன்னால் உட்காருவோம். சில நாள் திரும்பப் பத்து அடி பின்னால் போக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் இன்னொன்றைக் கவனித்தேன். எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு பாய் இருக்கிறார். கூலிம் டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடையில் இல்லாத நாட்களில் மாலைத் தொழுகைக்கு எங்கள் கேட்டைத் தாண்டித்தான் சூராவ் பள்ளிவாசலுக்கு நடந்து போவார். அவன் வந்தபிறகு அவர் எதிர்ப்பக்கமாக, லோரோங் சந்து முழுவதையும் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஒரு நாள் நானே போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"பாய், எங்க நாயால உங்களுக்குத் தொந்தரவு."

"நாய் மேல எனக்கு என்னம்மா கோபம்? அதுவும் உயிருதானே. தொழுகைக்குப் போறப்ப அதோட எச்சி பட்டுட்டா திரும்பி வந்து கழுவி உடுப்பு மாத்தணும். நேரம் தப்பிடும். அவ்வளவுதான்."

அவனுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

"அப்ப அவ்வளவு சத்தம் போடுறது அவனுக்கே கேக்காதா?"

"கேக்காது பாய்."

"அட" என்றார். "நீங்க எப்ப வெளிய எடுப்பீங்கன்னு சொல்லுங்க. நான் எப்ப போவேன்னு நான் சொல்றேன். ரெண்டு பேரும் மோத வேண்டாம்."

அப்படியே செய்தோம். என் வீட்டுக்காரர் கேட்டின் கீழ்ப்பாதியை உள்பக்கமாகப் பலகை வைத்து அடைத்தார். ஆள் நடமாட்டம் கண்ணில் படாததால் குரைப்பு பாதியாகக் குறைந்தது. சில வாரங்களில் பாய் பழைய வழியிலேயே நடக்கத் தொடங்கினார்.

பூசைக்கடை அண்ணன் அடுத்த ஈத்துக்குக் கேட்டு அழைத்தார். குட்டி வாங்க ஆட்கள் தயாராக இருக்கிறார்களாம்.

"அவளுக்குக் கருத்தடை பண்ணிட்டேன் அண்ணே."

"ஏன் லா? அவ்வளவு நல்ல கலரு!"

செத்துப்போன குட்டியிலிருந்து மெர்கோங் அக்காவின் கை வரை எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும், அதுக்காக..." என்று இழுத்தார்.

"வரல அண்ணே. நாம வர வெச்சோம்."

அவருக்குக் கோபம். குழுவிலும் நான் இதையெல்லாம் எழுதினேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், பொறாமையில் வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்றார். அண்ணன் சில மாதங்கள் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் படம் ஒன்று அனுப்பினார்: கறுப்பும் பழுப்புமான ஒரு பெட்டை. "இதுக்குப் புள்ளி இல்ல. அதோட அம்மா அப்பாவுக்கும் இல்லன்னு கேட்டுட்டேன். இதோட சேர்க்கலாம்தானே?" என்று கீழே கேட்டிருந்தார். மருத்துவரிடம் இரண்டையும் காட்டிவிட்டுச் செய்யுங்கள் என்று பதில் போட்டேன். கொண்டுபோய்க் காட்டியதாக அந்த மருத்துவரே பின்னால் சொன்னார்.

அவனுக்கு இப்போது மூன்று வயது. குணமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. பெருநாள் காலத்தில் தெருவில் கூட்டம் அதிகமானால் வெளியே எடுப்பதில்லை. விருந்தாளிகள் வந்தால் உள் அறையில் விடுகிறோம். ஆனால் மோட்டோவைக் கண்டால் பாய்வதற்குப் பதிலாக நின்று, கழுத்தைத் திருப்பி என் கையைப் பார்க்கிறான். போன வாரம் திடலில் அடுத்தடுத்து மூன்று மோட்டோக்கள் போயின. மூன்றுக்கும் திரும்பி என் கையைப் பார்த்தான். மூன்றாவது போனதும் புல்லில் படுத்துக்கொண்டான். அவன் எழுந்திருக்கும் வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.