அக்காவின் மெத்தையும் என் பேஸ் பெட்டியும்

அந்தப் பெட்டியின் பின்பலகையில் எட்டு ஸ்க்ரூக்கள். போன மாதம் ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து கரகரவென்று சத்தம் வரவே, இருபது வருடங்களுக்கும் மேலாகத் தொடாமல் இருந்த அந்த எட்டையும் கழற்றினேன். பலகையை நகர்த்தியதும் உள்ளிருந்து பஞ்சு பிதுங்கி வந்தது. அசல் இலவம் பஞ்சு, பழுப்பேறிய நிறத்தில், கட்டிகட்டியாக. ஒரு பிடியைக் கையில் எடுத்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. அது என் அக்காவின் கல்யாண மெத்தையிலிருந்து நான் அறுத்து எடுத்தது.

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் ஓர் இலவ மரம் நின்றது. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே அம்மா மெத்தைக்குப் பஞ்சு சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கோடை, காய் வெடிக்க வெடிக்கப் பொறுக்கி வந்து, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு விதை எடுப்பாள். மூக்கிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க அவள் தும்முவதைப் பார்த்து நானும் அக்காவும் சிரிப்போம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கடையில் வாங்கினது. மெத்தை மட்டும் அம்மா கையால் ஆனது.

தை மாதம் கல்யாணம். ஆடி பிறப்பதற்கு முன் வழக்கப்படி போய் அக்காவை அழைத்து வந்தோம். ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து கூட்டிப் போக வேண்டும். ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று, யாரும் வரவில்லை. அப்பா மூன்று தடவை போய்ப் பார்த்து, மூன்று தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். மார்கழியில் ஒரு மினிலாரி வந்து வாசலில் நின்றது. கட்டில், பீரோ, மேலே கயிறு போட்டுக் கட்டிய மெத்தை. அதற்கு மேல் எங்களுக்குச் சேதி சொல்ல யாரும் வரவேண்டியிருக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இறக்கினாள். பிறகு பழைய சேலையைச் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்தாள். அதில் ஒருநாள்கூட அவள் படுக்கவில்லை. பாயில்தான் படுத்தாள்.

கல்யாணத்தை முறித்து விடுதலைப் பத்திரமும் வாங்கி, இரண்டு வருடங்கள் ஓடின. நான் அப்போதுதான் மைக் செட் தொழிலில் இறங்கியிருந்தேன். சொந்தமாக ஒரு பேஸ் பெட்டி செய்தேன். பிளைவுட், பதினைந்து இன்ச் ஸ்பீக்கர், நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் அடைத்தது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது, சத்தம் மட்டும் காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல. தஞ்சாவூரில் ஸ்பீக்கர் சாமான் விற்கிற கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"உள்ள பஞ்சு போடுங்க தம்பி. பெட்டி இருக்கறதைவிடப் பெருசுன்னு ஸ்பீக்கர் நினைச்சுக்கும், பேஸ் நல்லா கீழ இறங்கும். ஆனா திணிக்காதீங்க, உதறிப் போடுங்க," என்றார். அதற்கென்று உள்ள பஞ்சு அவரிடம் தீர்ந்திருந்தது. அடுத்த வாரம் வரும் என்றார். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவோ நாளை மறுநாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பரணில் ஏறினேன். மெத்தையைக் கண்டதும் ஒரு கணமாவது தயங்கினேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. சும்மா கிடக்கிறதுதானே என்றுதான் தோன்றியது. தையலைப் பிளேடால் பிரித்து, இருந்த பஞ்சு முழுவதையும் இரண்டு சாக்கில் அடைத்துக்கொண்டு, வெறும் உறை மேல் சேலையைப் பழையபடி சுற்றி வைத்தேன்.

கடைக்காரர் சொன்ன சொல் ஒன்று மறந்துபோயிற்று. திணித்தேன், காலால் மிதிக்காத குறையாகத் திணித்தேன். ஸ்பீக்கர் மூச்சு முட்டியது போல அமுங்கிப் போயிற்று. பிறகு பிடிபிடியாக வெளியே எடுத்து, பாட்டைப் போட்டுக் கேட்டு, மறுபடி எடுத்து, பாதிக்கு வந்ததும் திடீரென்று தரையில் கால் வைத்த இடம் அதிர்ந்தது. ஆனந்தத்தில் குதித்தேன். எடுத்துப் போட்ட மீதிப் பாதி கொல்லையில் கிடந்தது. ஆடிக் காற்று அதை வாரிக்கொண்டு போய் வாய்க்காலிலும் நாற்றங்காலிலும் இறைத்தது. அம்மாவின் ஒரு கோடை அப்படியே பறந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருவிழாவில் எல்லோரும் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள். அக்காவும் கூட்டத்தோடு வந்து நின்று, "இப்பதான்டா காதைக் குத்தாம கேக்குது. கெட்டிக்காரன்டா நீ," என்றாள். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

ஆவணியில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போனார். தன்மையான மனிதர். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல், பரணிலிருந்து மெத்தையை இறக்கிக் கொல்லையில் வெயிலில் போட எடுத்துப் போனாள்.

நான் போனபோது கயிற்றுக் கட்டிலின் மேல் அது சுருக்கம் விழுந்த உறையாகக் கிடந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புதுசு வாங்கித் தர்றேன்க்கா, இதைவிட நல்லதா," என்று உளறினேன்.

"மெத்தையை யாருடா கேட்டா?" என்றாள். உறையை மடித்துக்கொண்டே, "இனிமே நான் எங்கயும் போகப் போறதில்லைன்னு நீயே முடிவு பண்ணிட்டே, இல்ல?"

அன்று சாயங்காலமே அம்மாவிடம் வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. என்னையும் காட்டிக் கொடுக்கவில்லை. அம்மா அழுதாள், அப்பா கத்தினார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு வயது அதிகம், ஊர் தூரம், அக்காவுக்கு வேறு ஏதோ பயம் இருந்திருக்கும் என்று எனக்கு நானே காரணங்கள் செய்து வைத்துக்கொண்டேன். அவற்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் சோறு தின்றேன். என் கல்யாணத்தில் அந்தப் பெட்டிதான் முழங்கியது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள், என் பிள்ளைகளுக்கு அத்தையாக.

போன மாதம் நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் காப்பி கொண்டு வந்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டியைப் பிய்த்து, உள்ளே ஒளிந்திருந்த ஒரு கறுப்பு விதையை எடுத்து, "அம்மா கண்ணுக்கே தப்பிடுச்சு பாரு," என்றாள்.

அத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன். "அக்கா, அன்னைக்கு மெத்தை மட்டும் நல்லா இருந்திருந்தா?"

வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. அவள் விதையை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"போயிருப்பேன்."

பிறகு எழுந்தாள். "மூடுடா, வீடெல்லாம் பஞ்சு பறக்குது," என்றபடி உள்ளே போனாள். எடுத்த பஞ்சையெல்லாம் உதறி உள்ளே வைத்தேன். எட்டு ஸ்க்ரூக்களையும் முடுக்கினேன். ஸ்பீக்கரை இன்னும் மாற்றவில்லை.